ஃபிளாஷ் கார்டு வாங்கும் முன்: இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சை வளர்க்க ஒரு வழிகாட்டி

ஏப்ரல் பிறந்துவிட்டால் மதுரையில் ஆட்டோ முதுகிலும் அபார்ட்மென்ட் வாசலிலும் பிளே ஸ்கூல் நோட்டீஸ் முளைத்துவிடும். இரண்டு வயதிலேயே வாசிக்க வைக்கிறோம் என்கிற மாதிரி ஒரு வரி அதில் கண்டிப்பாக இருக்கும். போதாக்குறைக்கு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வரும்: யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை அட்டையைப் பார்த்து 'எலிஃபென்ட்' என்கிறது. முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிற என்னிடம் அம்மாக்கள் அதிகம் கேட்பது, "எந்த கார்டு வாங்கலாம் மேடம்?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "பிள்ளைக்குத் தண்ணி வேணும்னா எப்படிக் கேக்குறான்?" பல பேர் இங்கே தயங்குவார்கள். ஏ முதல் இசட் வரை சொல்கிறான், பத்து நிறத்துக்குப் பெயர் சொல்கிறான், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் முன்னால் நிறுத்துகிறான். ஒப்பிப்பது வேறு, இன்னொரு ஆளைப் பார்த்துப் பேசுவது வேறு. வாசிப்பு ஏற வேண்டியது இரண்டாவதன் மேல்தான்.

கார்டு, டிவிடி எல்லாம் புதிதல்ல. சொற்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கைக்குழந்தைக்குக் காட்டும் முறையை அமெரிக்காவில் கிளென் டோமன் 1964-லேயே பரப்பத் தொடங்கிவிட்டார். பிறகு 'யுவர் பேபி கேன் ரீட்' என்ற கிட் அங்கே சக்கைப்போடு போட்டது. ஒன்பது மாதக் குழந்தையும் வாசிக்கும் என்ற அதன் விளம்பரத்துக்கு ஆதாரம் கிடையாது என்று 2012-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. அந்த ஆண்டே கம்பெனி கடையைக் கட்டியது. 2014-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒன்பது முதல் பதினெட்டு மாதம் வரையுள்ள 117 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் டிவிடி, அட்டை, புத்தகம் அடங்கிய வாசிப்பு கிட் கொடுத்து, 7 மாதம் தொடர்ந்து சோதித்தார்கள். 14 அளவீடுகளில் 13-இல் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் தெரிந்த அந்த ஒன்று, 'என் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது' என்ற பெற்றோரின் நம்பிக்கை.

ஆகவே காசைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துவிட்டு, கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதல் வேலை: பிள்ளையிடம் இப்போது என்ன இருக்கிறது?

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், பிள்ளை தானாகச் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் அதில் எழுதுங்கள். நீங்கள் சொல்லச் சொல்லித் திருப்பிச் சொன்னது, பாட்டில் வருவது, வீடியோவில் கேட்டு முணுமுணுப்பது இதெல்லாம் சேராது. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. எப்போதும் தண்ணீருக்கே 'நன்னி' என்று சொன்னால் அது ஒரு சொல். மாட்டைப் பார்த்து 'ம்மா' என்றால் அதுவும் சொல்தான்.

இரண்டு மொழி பேசும் வீடு என்றால் இரண்டையும் கூட்டி எண்ணுங்கள். மகால் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வெளியே தமிழுமாக வளர்ந்த தலைமுறைகள் எத்தனை! வீட்டில் தெலுங்கு பேசும் ஊர்களும் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. "வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்க, அப்பதான் ஸ்கூல்ல பிக்கப் ஆவான்" என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். அப்பத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். நஷ்டம் பிள்ளைக்கு.

வயதுக்கணக்கு தோராயமாக இப்படி. முதல் பிறந்தநாள் வாக்கில் அம்மாவையோ அப்பாவையோ அழைக்கும் ஒரு சொல், கையசைத்து டாட்டா. பதினெட்டு மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது. 'பந்தை எடுத்துட்டு வா' என்று கை காட்டாமல் சொன்னாலே செய்வது. இரண்டு வயதில் 'பூ தா', 'அப்பா போச்சு' என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பது. இரண்டரையில் ஐம்பது சொல் அளவுக்கு. பெரும்பாலான பிள்ளைகள் இந்த வயதுகளுக்குள் இதையெல்லாம் எட்டிவிடும். பல பிள்ளைகள் இதைத் தாண்டியும் நிற்கும்.

சொல்லை விட முக்கியமான மூன்று விஷயம் இருக்கிறது: பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, ஆச்சரியமான ஒன்றைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் ஒருமுறை பார்க்கிறதா. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று வரும். நிலாவைக் காட்டி, பிள்ளையோடு விளையாட வா என்று கூப்பிடுவார்கள். காட்டிய விரலைப் பார்க்காமல் நிலாவைப் பார்க்கத் தெரிவது, பிறகு காட்டியவர் முகத்துக்குத் திரும்புவது, இதுதான் பேச்சின் அடிவாரம். எந்த கார்டிலும் இது கிடையாது.

இரண்டாவது: காது

பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய சத்தம் கேட்கும் பிள்ளைக்கு 'ஸ', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இதே நிலைமைதான். பிறந்த குழந்தைக்கே ஓ.ஏ.இ. என்ற சோதனை சில நிமிடத்தில் செய்துவிடலாம். சந்தேகம் என்றால், காதிலிருந்து மூளைக்கு ஒலி போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை, பிள்ளை தூங்கும்போது எடுப்பார்கள். வலியில்லை. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. தவறவிட்டிருந்தால் இப்போது போங்கள்.

மூன்றாவது: செல்போன்

இதில் நான் கறார். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் திரையே கூடாது. வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம்.

'ரைம்ஸ்தானே போட்டுக் கொடுக்கிறேன், பேச்சு வருமே' என்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2003-இல் பேட்ரிசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவோடு மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து விளையாடினார். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. வீடியோ பார்த்தவை ஒன்றையும் கற்கவில்லை.

நிறுத்துவது எப்படி என்பதுதான் கஷ்டம். சோற்று வேளையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையும் நீங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளில் அதுதான் அதிகம். 'சூடு', 'ஊது', 'இன்னும்', 'போதும்' எல்லாம் அங்கேதான் பிறக்கும். அந்த நேரத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சு வரவில்லை என்பது, அடுப்பு மூட்டாமல் உலை கொதிக்கவில்லை என்பது போல. முதல் மூன்று நான்கு நாள் பிள்ளை அழும், குறைவாகச் சாப்பிடும். வீட்டில் பெரியவர்கள் "பச்சப் பிள்ளைய ஏன் பட்டினி போடுற?" என்று உங்களைத்தான் திட்டுவார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். பாதி நாள் அவர்கள் ஒத்துழைத்து மீதி நாள் போனை நீட்டினால் பிள்ளை அழுகையை நீட்டிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

நான்காவது: பேசும் விதம்

'பிள்ளையோடு நிறையப் பேசுங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். நிறையப் பேசுவதை விட, இடைவெளி விட்டுப் பேசுவதுதான் விஷயம். வில்லாபுரம் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அப்பத்தா திண்ணையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். பேத்திக்கு இருபது மாதம் இருக்கும். முறத்தில் கைவைத்து, "பூ" என்றது.

அப்பத்தா நாரை நிறுத்திவிட்டுப் பிள்ளை முகத்தைப் பார்த்தார். "ஆமா, பூ. மல்லிப்பூ."

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டே இருந்தார், கண் மட்டும் பிள்ளை மேல். சிறிது நேரம் கழித்துப் பிள்ளை கையை நீட்டி, "தா."

"பூ தாவா? இந்தா பூ. அம்மாச்சி தலையில வச்சுவிடு, போ."

பிள்ளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. போகும்போது "பூ... தா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அந்த அம்மாள் எந்த பயிற்சிக்கும் போகவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் நாலு வேலையையும் செய்துவிட்டார். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசினார், சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார், சும்மா காத்திருந்தார், சொல் கேட்டவுடன் பொருள் கைக்கு வந்தது. இவற்றில் நமக்கு வராதது காத்திருப்பதுதான். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளை பதில் தேடிக்கொண்டிருக்கும்போது நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

தவிர்க்க வேண்டியது பரீட்சை. "இது என்ன? இது என்ன கலரு? மாமாட்ட சொல்லு, சொல்லு!" விருந்தாளி வந்தால் இது இன்னும் மோசமாகும். ஒரு கேள்வி கேட்டால் மூன்று வாக்கியம் சும்மா சொல்லுங்கள் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 'சொன்னாத்தான் தருவேன்' என்று பிஸ்கட்டைப் பின்னால் மறைப்பதும் வேண்டாம். பேச வராத பிள்ளைக்கு அது அழுகையைத்தான் கற்றுத்தரும்.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். காலையில் கீரைக்காரம்மா வரும்போது கூடையை எட்டிப் பார்க்க விடுங்கள். குளிக்கும்போது சொம்பு, தண்ணி, மேல ஊத்து. மாடிப்படி ஏறும்போது ஒண்ணு, ரெண்டு. ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் குதிரை, பலூன், சுண்டல், படி. அங்கிட்டு ஒருமுறை, இங்கிட்டு ஒருமுறை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கு ஆள் ஊட்டி, கைமேல் விரலால் ஊர்ந்து அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு உங்கள் அம்மாவுக்குத் தெரியும்; கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிக் கிச்சுகிச்சுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து 'ம்!' என்று அவசரப்படுத்தும். அந்த 'ம்' பேச்சுதான்.

ஒரு சின்ன சந்தேகம் அடிக்கடி வரும்: மழலையில் நாமும் பேசலாமா? ராகத்தோடு, நீட்டி, மெதுவாகப் பேசுவது நல்லது. குழந்தைக் காதுக்கு அது பிடிக்கும். சொல்லை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். பிள்ளை 'யயில்' என்றால் திருத்தாமல், "ஆமா, ரயிலு போகுது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். ர, ற, ழ எல்லாம் தாமதமாக வருபவை. ழ பல பெரியவர்களுக்கே வந்தபாடில்லை.

ஐந்தாவது: புத்தகம்

புத்தகம் வேண்டும். எழுத்துக் கற்க அல்ல, மடியில் உட்கார்ந்து ஒரே படத்தை இருவரும் பார்க்க. ஆறு மாதத்திலிருந்தே தொடங்கலாம். முதலில் கடிக்கும், கிழிக்கும், தலைகீழாகப் பிடிக்கும். பரவாயில்லை. கெட்டி அட்டைப் புத்தகமாக இரண்டு மூன்று போதும்.

எழுதியிருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். 'பூனை பால் அருந்துகிறது' என்று அச்சில் இருந்தால், "இந்தா பாரு பூன! பால் குடிக்குது. நக்கி நக்கிக் குடிக்குது" என்று வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். புத்தகத் தமிழுக்கு மூன்று, நான்கு வயதில் இடம் உண்டு. பக்கத்தைப் பிள்ளை திருப்பட்டும். பாதியில் மூடிவிட்டு ஓடினால் விடுங்கள். அதே புத்தகத்தை இருபதாவது முறை கேட்டால் நமக்குத்தான் சலிக்கும். நன்றாகப் பழகிய பக்கத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள், பிள்ளை நிரப்பும்.

தமிழில் நல்ல படப் புத்தகங்களுக்குத் தூலிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்புகளைத் தேடலாம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது நேரில் புரட்டிப் பார்த்து வாங்குவது மேல். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். முதல் நிலைக் கதைகளை எடுத்து ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள், போனோடு நீட்டாதீர்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் நல்ல இடம்.

எல்லாவற்றையும் விட நன்றாக ஓடுவது வீட்டில் செய்த புத்தகம். பழைய காலண்டர் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அப்பத்தா, அப்பாவின் வண்டி, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி, பிள்ளையின் சொந்தச் செருப்பு எனப் பத்துப் படம் பிரிண்ட் எடுத்து ஒட்டி, ஓட்டை போட்டு நூலில் கோத்துவிடுங்கள். கடைக் கார்டில் இக்லூவும் வரிக்குதிரையும் இருக்கும். மதுரைப் பிள்ளைக்கு இக்லூ எதற்கு, பேசுவதற்கு அழகர்கோவில் குரங்கு இருக்கிறது.

எழுத்து எப்போது? பிளே ஸ்கூலில் என்ன கேட்பது?

தமிழில் எழுத்து 247. ஒவ்வொன்றையும் ஒலியோடு பொருத்தப் பிள்ளைக்குக் காலம் வேண்டும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்கே, எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான். இரண்டு வயதில் அவசரம் எங்கிருந்து வந்தது? விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுத வைப்பதைத் தாராளமாகச் செய்யுங்கள். மறுநாளே ரூல் நோட்டை எடுக்காமல் இருந்தால் சரி.

சில பிள்ளைகள் தாமாகவே இரண்டு, இரண்டரை வயதில் கடைப் பலகை, கார் பெயர் எல்லாம் வாசித்துவிடும். வீடே கொண்டாடும். அப்படி வாசிக்கும் பிள்ளை உங்களோடு சாதாரணமாகப் பேசவும் செய்தால் மகிழ்ச்சி. எழுத்து மட்டும் வந்து, பேச்சும் கண் பார்த்துப் பழகுவதும் வராமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடம் இந்த முன்கூட்டிய வாசிப்பு தெரியும்.

பிளே ஸ்கூல் பார்க்கப் போனால் சிலபஸைக் கேட்காதீர்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை, டிவி உண்டா, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் ஆயாவுக்குப் புரியுமா என்று கேளுங்கள். அரை மணி உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த இடம். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல அங்கன்வாடி இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். ஆடலும் பாட்டுமாகப் போகும் பால்வாடியில் பேச்சு நன்றாகவே வளரும்.

காட்ட வேண்டிய நேரம், இடம்

கீழ்க்கண்டதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: ஒரு வயதாகியும் 'பாபா', 'மாமா' என்ற ஒலிகளும் கை காட்டலும் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொன்னால் திரும்புவதில்லை, எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனது. கடைசியாகச் சொன்னது மிக அவசரம்.

"அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டில் ஒரு குரல் வரும். ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குவது உண்மை. மேலே சொன்ன எல்லைகள் அவர்களுக்கும் சேர்த்துத்தான். மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரே ஐந்து வயது வரை ஊமையாக இருந்து திருச்செந்தூரில் பேசினார் என்பார்கள். திருச்செந்தூருக்கும் போய் வாருங்கள், அதே வாரம் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். வசம்பை உரைத்து நாக்கில் தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் வைப்பது ஆபத்து.

மதுரையில் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கும் திறன் சோதனை செய்வார்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி வளர்ச்சித் தாமதத்துக்கென மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. மையங்கள் உண்டு, குழந்தைகள் பிரிவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி காட்டுவார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ சொல்லலாம். அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வரும். காதில் பெரிய குறை என்று உறுதியானால், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வரும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு போன் செய்யுங்கள்.

போகும்போது அந்த ஒரு வாரச் சொல் நோட்டையும், பிள்ளை வீட்டில் இயல்பாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றையும், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது. டாக்டருக்கு அந்த வீடியோதான் உதவும். தெரப்பி என்று சொன்னால், தெரப்பிஸ்ட் செய்வதை நீங்களும் அறைக்குள் இருந்து பார்க்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பிள்ளையோடு பகல் முழுக்க இருப்பது அப்பத்தா என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.